பாலிமர் களிமண் நகைகளுக்குக் குறைந்த செலவில் உலோகக் கூடு

மளிகைக் கடையின் வருமானம் அரிசியிலும் பருப்பிலும் மட்டும் இல்லை என்பது நம் உறுப்பினர்கள் யாருக்கும் புதிய செய்தி அல்ல. கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கும் ஹேர்பின் அட்டை, பொட்டு அட்டை, ரப்பர் பேண்டு, சேஃப்டி பின் ஆகியவை சிறிய சரக்குகள்தாம். ஆனால் அவை பிடிக்கும் இடம் குறைவு. எலி கடிக்காது, புழு வைக்காது, எடைக் குறைவு வராது. சர்க்கரையில் கிடைக்கும் இலாபத்தையும் ஒரு பொட்டு அட்டையில் கிடைக்கும் இலாபத்தையும் விழுக்காட்டுக் கணக்கில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இந்த அட்டைச் சரக்கின் அருமை தெரியும்.

அந்த வரிசையில் வைக்கத் தகுந்த ஒரு பொருளைப் பற்றி இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். அது பாலிமர் களிமண்ணில் கையால் செய்த பதக்கமும் தோடும். அவற்றுக்குச் சுத்தியலால் தட்டிச் செய்யும் செம்பு, பித்தளை, அலுமினியக் கூடுதான் இங்கே முக்கியமான செய்தி. கூடு என்பது நகையின் வண்ணப் பகுதியைத் தாங்கிப் பிடிக்கும் உலோகத் தளம். தங்க நகையில் கல் பதிக்க இடம் செய்வதுபோல, இதில் களிமண் வில்லையைப் பதிக்க இடம் செய்கிறோம்.

நம் வாடிக்கையாளர்களில் பலர் வீட்டிலிருந்தபடியே கைத்தொழில் செய்கிற பெண்கள். சுடுமண் நகை, பட்டு நூல் வளையல், பாலிமர் களிமண் தோடு என்று செய்து பழகியவர்கள் ஏறக்குறைய எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தகடும் கம்பியும் விற்பதும் வியாபாரம். அவர்கள் செய்ததை வாங்கி விற்பதும் வியாபாரம். இரண்டில் எதில் இறங்கினாலும், பொருள் எப்படி உருவாகிறது, எங்கே செலவாகிறது, எங்கே கெடுகிறது என்று தெரியாமல் விலை பேசக் கூடாது.

களிமண் என்ற பெயர், உள்ளே பிளாஸ்டிக்

பாலிமர் களிமண் என்று சொன்னாலும் அதில் மண் இல்லை. தண்ணீர்க் குழாய் செய்யப் பயன்படும் பி.வி.சி.யின் மிக நுண்ணிய தூளை, மென்மையாக்கும் எண்ணெய் போன்ற ஒரு பொருளோடும் வண்ணத்தோடும் பிசைந்ததுதான் அது. 1960-களில் ஜெர்மனியில் ஃபிமோ என்ற பெயரிலும், அமெரிக்காவில் ஸ்கல்பி என்ற பெயரிலும் சந்தைக்கு வந்தது. சாதாரண வெப்பத்தில் இது காயாது. பிசையப் பிசைய மென்மையாகவே இருக்கும். தயாரிப்பாளர் குறிப்பிட்ட சூட்டில் வைத்தால்தான் தூள் ஒன்றோடொன்று இணைந்து கெட்டியாகும். ஃபிமோவுக்கு 110 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம். மற்ற வகைகள் பலவற்றுக்கு 130 டிகிரியை ஒட்டி. பொட்டலத்தின் பின்பக்கம் என்ன அச்சிட்டிருக்கிறதோ அதுவே கணக்கு.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத வேறொரு சரக்கு, காற்றிலேயே காயும் களிமண். அதைச் சுட வேண்டியதில்லை. ஆனால் பெரும்பாலான வகைகள் தண்ணீர் பட்டால் இளகும். வாடிக்கையாளர் 'களிமண்' என்று கேட்டால், எந்தக் களிமண் என்று கேட்டுவிட்டே எடுத்துக் கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்துவிட்டால் சரக்கு திரும்பி வரும். வாடிக்கையாளர் திரும்பி வருவது நிச்சயமில்லை.

இருப்பு வைப்பவர்கள் இரண்டு செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும். முதலாவது, வெயில். நம் ஊர் கோடையில் தகரக் கொட்டகையிலும், வெயில் விழும் கண்ணாடி அலமாரியிலும் வைத்த பாலிமர் களிமண், பொட்டலத்துக்குள்ளேயே பாதி வெந்து உதிரத் தொடங்கும். நிழலான, குளிர்ந்த அடுக்கில் வைக்க வேண்டும். இரண்டாவது, டப்பா. இதிலுள்ள மென்மையாக்கும் பொருள் பாலிஸ்டைரின் என்னும் கண்ணாடி போன்ற கடின பிளாஸ்டிக்கைக் கரைக்கும். டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 6 என்ற எண் இருந்தால் அதில் போடக் கூடாது. 2, 4, 5 என்ற எண்ணுள்ள பாலித்தீன், பாலிபுரொப்பிலீன் டப்பாக்களும் சாதாரண பாலித்தீன் உறைகளும் பாதுகாப்பானவை.

கூடு எதற்கு?

சுட்ட களிமண் வில்லையில் நேராகத் துளை போட்டு வளையம் மாட்டலாமே என்று கேட்கலாம். மாட்டலாம். ஆனால் நாள்தோறும் இழுபடும்போது துளையின் விளிம்பு கிழிந்துகொண்டே வரும். மெல்லிய வில்லையானால் கீழே விழுந்ததும் ஓரம் உடையும். உலோகக் கூடு இழுவிசையைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஓரத்துக்கும் வேலி ஆகிறது.

இன்னொரு பயன், பார்வை. அச்சில் வார்த்து முலாம் பூசிய நகைகள் ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி வருகின்றன. அவற்றோடு விலையில் போட்டியிட வீட்டுத் தொழிலாளியால் முடியாது, முயலவும் வேண்டாம். சுத்தியல் தடம் விழுந்த தகடு வேறு இனம். பழைய செம்புக் குடத்திலும் அண்டாவிலும் அம்மைத் தழும்பு போல வரிசையாக விழுந்திருக்கும் தட்டுத் தடத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதைக் கண்டதும் 'கைவேலை' என்று கண் சொல்லிவிடும். மெல்லிய தகட்டைத் தட்டி உருவம் எழுப்பிப் பெரிய தட்டில் பதிக்கும் வேலைக்குத் தஞ்சாவூர்க் கலைத்தட்டு புவிசார் குறியீடே பெற்றிருக்கிறது. அந்த அளவுக்குத் தேர்ச்சி நமக்கு இங்கே தேவையில்லை. தகடு தட்டத் தட்ட எப்படி நடந்துகொள்ளும் என்ற அறிவு இருந்தால் போதும்.

எந்தத் தகடு, எவ்வளவு?

உலோகக் கடையில் தகடு கேஜ் கணக்கில் கிடைக்கும். எண் கூடக்கூடத் தகடு மெலியும். 24 கேஜ் என்பது சுமார் 0.56 மி.மீ.; 26 கேஜ் சுமார் 0.46 மி.மீ. பதக்கத்துக்கு 24, தோட்டுக்கு 26 பொருத்தம். அதைவிடக் கனமான தகடு கத்தரிக்கு மசியாது. அதைவிட மெலிந்தது விரலழுத்தத்திலேயே வளைந்துவிடும்.

செம்பு மிக நன்றாக மசியும், நிறமும் அழகு. ஆனால் விலை கூடுதல். செம்பின் விலை இலண்டன் உலோகச் சந்தையையும் டாலர் மதிப்பையும் ஒட்டியே ஏறி இறங்குகிறது. ஆகவே தகட்டை மொத்தமாக வாங்கி அடுக்குபவர்கள் விலைப் போக்கைக் கவனித்து வாங்க வேண்டும். பித்தளை சற்று விறைப்பு. தங்கச் சாயல் இருப்பதால் விற்பனை எளிது. அலுமினியம் மிக இலேசு, மிக மலிவு, பச்சை பிடிக்காது. பெரிய தோட்டுக்கு இதுவே சிறந்தது, காது இழுபடாது.

ஒரு பதக்கத்துக்கு 32 மி.மீ. சதுரத் துண்டு ஒன்று வேண்டும் என்று கொள்வோம். 24 கேஜில் அந்தத் துண்டின் எடை செம்பானால் சுமார் 5.1 கிராம், பித்தளையானால் சுமார் 4.9 கிராம், அலுமினியமானால் சுமார் 1.5 கிராம். ஆக ஒரு கிலோ செம்புத் தகட்டில் 190 துண்டுகளுக்கு மேலும், பித்தளையில் 200 துண்டுகளை ஒட்டியும், அலுமினியத்தில் 640 துண்டுகள் வரையும் எடுக்கலாம். அலுமினியம் மலிவாக இருப்பதற்குக் கிலோ விலை மட்டும் காரணம் அல்ல; ஒரு கிலோவில் மூன்று மடங்குக்கு மேல் துண்டு கிடைப்பதும் காரணம்.

வெட்டி மிஞ்சிய துணுக்குகளை எறியக் கூடாது. செம்பையும் பித்தளையையும் கலக்காமல் தனித்தனி டப்பாவில் சேர்த்தால் பழைய உலோகக் கடையில் நல்ல விலை கிடைக்கும். கலந்துவிட்டால் மட்டமான விலைதான்.

இன்னும் செலவு குறைக்க விரும்புகிறவர்கள் அச்சகத்தை அணுகலாம். ஆஃப்செட் அச்சில் பயன்படுத்திக் கழித்த அலுமினியத் தகடுகள் பழைய உலோக விலைக்கே கிடைக்கும். அவை 0.15 முதல் 0.3 மி.மீ. வரை கனம் உள்ளவை. தோட்டுக்கும், அழுத்திக் கோலம் போடுவதற்கும் போதும். மையையும் மேற்பூச்சையும் நன்றாகத் துடைத்து நீக்கிவிட்டே பயன்படுத்த வேண்டும். கம்பிக்கு, மின்சாதனக் கடையில் கிடைக்கும் ஒற்றைச் செம்புக் கம்பியே போதும். அதன் மேலுறையைக் கத்தியால் சீவி எடுக்க வேண்டும். தீயில் பொசுக்கி எடுக்கக் கூடாது. அந்தப் புகை நஞ்சு.

கருவிகள்

தகட்டுக் கத்தரி ஒன்று, ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் உருண்டையாகவும் உள்ள சுத்தியல் ஒன்று, மரச்சுத்தியல் ஒன்று, அடியில் வைக்கக் கனமான இரும்புக் கட்டை ஒன்று, நேர்த்தியான அரம் ஒன்று, குறடு இரண்டு, உப்புத்தாள், துளைபோடக் கைத்துரப்பணம். இவ்வளவே. இரும்புக் கட்டைக்குப் பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் ஒரு துண்டுத் தண்டவாளம் ஏற்றது. குழிவு எழுப்ப, கெட்டியான மரக்கட்டையில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக, 3 மி.மீ. ஆழத்துக்கு ஒரு குழி செதுக்கிக்கொண்டால் போதும். சுத்தியலின் முகம் வழுவழுப்பாக இருக்க வேண்டும். அதில் ஒரு கீறல் இருந்தால் அந்தக் கீறல் ஒவ்வொரு தட்டுக்கும் தகட்டில் பதியும்.

செய்முறை

முதலில் வெட்டுதல். 24 மி.மீ. விட்டமுள்ள வட்டம் ஒன்றை அட்டையில் வரைந்து, அதைச் சுற்றி நான்கு மூலைகளிலும் 6 மி.மீ. நீளமும் 4 மி.மீ. அகலமும் உள்ள 'விரல்கள்' நான்கு, உச்சியில் அதேபோல் ஒன்று, ஆக ஐந்து விரல்கள் வரைய வேண்டும். வட்டத்தைச் சதுரத்தில் சற்றுக் கீழிறக்கி வரைந்தால் இந்த வடிவம் முழுவதும் 32 மி.மீ. சதுரத்துக்குள் அடங்கும். மூலை விரல்கள் நான்கும் களிமண்ணைக் கவ்விப் பிடிக்க. உச்சி விரல் வளையம் மாட்ட. அட்டை மாதிரியைத் தகட்டின் மேல் வைத்துக் கீறி, கையுறை அணிந்து வெட்டி, ஓரம் முழுவதும் அரத்தால் மழுக்க வேண்டும். விரலை ஓரத்தில் ஓட்டிப் பார்த்து எங்கும் பிடிக்காமல் இருந்தால்தான் அடுத்த வேலை. உச்சி விரலில் துளை போடுமுன் ஓர் ஆணியால் சிறு பள்ளம் குத்திக்கொண்டால் துரப்பணம் வழுக்காது.

இரண்டாவது, தடம் பதித்தல். தகட்டை இரும்புக் கட்டைமேல் வைத்து, சுத்தியலின் உருண்டைப் பக்கத்தால் நடுவிலிருந்து வட்டமாக வெளியே வந்துகொண்டே தட்ட வேண்டும். ஓங்கி அடிக்க வேண்டியதில்லை; ஒரே அளவு விசையில், தடத்தை ஒட்டித் தடமாக விழ வேண்டும். தகடு வளைந்தால் திருப்பிப் போட்டு மரச்சுத்தியலால் சமப்படுத்தலாம். மரம் தடத்தை அழிக்காது.

மூன்றாவது, காய்ச்சிப் பதமாக்குதல். தட்டத் தட்ட உலோகம் விறைத்துப்போகும். விறைத்த தகட்டை மேலும் வளைத்தால் வெடிப்பு விடும். செம்பையும் பித்தளையையும் இடுக்கியால் பிடித்துச் சமையல் எரிவாயு அடுப்பின் சுடரில் காட்டி, மங்கலான வெளிச்சத்தில் பார்த்தால் இலேசான செந்நிறம் தெரியும் வரை சூடாக்கி எடுத்தால் மறுபடி மென்மையாகும். செம்பை உடனே தண்ணீரில் போடலாம்; பித்தளையைச் சற்று ஆறவிட்டுப் போட வேண்டும். சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே செய்ய வேண்டும். பித்தளையை அளவுக்கு மீறிக் காய்ச்சினால் அதிலுள்ள துத்தநாகம் புகையும். அலுமினியத்துக்கு இந்த வேலை வேண்டாம். அது சிவந்து காட்டாமலே 660 டிகிரியில் உருகிவிடும். மென்மையான அலுமினியத் தகடாகப் பார்த்து வாங்கினால் காய்ச்சாமலே வேலை நடக்கும்.

நான்காவது, குழிவு எழுப்புதல். பதமான தகட்டை மரக்கட்டைக் குழியின் மேல், தடம் பதிந்த பக்கம் கீழே இருக்குமாறு வைத்து, உருண்டைப் பக்கத்தால் நடுவில் மெல்லத் தட்டினால் ஆழமற்ற கிண்ணமாக இறங்கும். 2 அல்லது 3 மி.மீ. ஆழம் போதும். விரல்கள் ஐந்தும் தட்டையாக வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

ஐந்தாவது, துப்புரவு. காய்ச்சியதில் கறுத்த செம்பையும் பித்தளையையும் துலக்க நம் கடைச் சரக்கே போதும்: புளியும் உப்பும். கரைத்துப் பூசித் தேய்த்து, உடனே கழுவித் துடைக்க வேண்டும். பித்தளையைப் புளியில் ஊறப் போட்டால் மேற்பரப்பில் துத்தநாகம் கரைந்து சிவந்த திட்டுகள் தெரியும். வாங்குபவர் 'இது பித்தளையா?' என்று கேட்பார்.

ஆறாவது, விரும்பினால் கருமை ஏற்றுதல். கடைந்த பழம்பொருள் தோற்றம் வேண்டுமானால் கெட்டியாக அவித்த முட்டை ஒன்றின் மஞ்சளை உதிர்த்து, மூடிபோட்ட டப்பாவில் செம்புத் துண்டோடு, ஆனால் அதன்மேல் படாமல், சில மணி நேரம் வைத்தால் போதும். முட்டையிலிருந்து வரும் கந்தக வாயு செம்பைக் கறுக்கச் செய்யும். பிறகு நைசான உப்புத்தாளால் மேலாகத் தேய்த்தால் மேடுகள் பளபளக்கும், பள்ளங்கள் கறுப்பாகவே நிற்கும். சுத்தியல் தடம் அப்போதுதான் எடுப்பாகத் தெரியும். இந்த வேலை முழுவதும் களிமண் வைப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

ஏழாவது, களிமண் வைத்தல். கிண்ணத்தின் உட்புறத்தை ஆணியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிச் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, நன்றாகப் பிசைந்த களிமண்ணை நடுவிலிருந்து அழுத்திக்கொண்டே வர வேண்டும். உள்ளே காற்று நின்றால் சுடும்போது கொப்புளம் எழும்.

எட்டாவது, சுடுதல். கூட்டோடு சேர்த்தே சுடலாம். 130 டிகிரி உலோகத்தை ஒன்றும் செய்யாது. இட்லிப் பானையில் வைத்தால் போதுமா என்று சிலர் கேட்பதுண்டு. போதாது. திறந்த நீராவி 100 டிகிரியைத் தாண்டாது. களிமண் வெளியே கெட்டியானதுபோல் தெரிந்து உள்ளே உதிரும். மைக்ரோவேவும் ஆகாது, உள்ளே உலோகம் இருக்கிறது. சிறிய மின்சார அவன் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி, உள்ளே தனியாக ஒரு வெப்பமானி வைத்துக்கொள்ள வேண்டும். குமிழில் 130 என்று திருப்பினால் உள்ளே 130 இருக்கும் என்று நம்பக் கூடாது. சூடு கை மீறி 175 டிகிரியைத் தாண்டினால் பி.வி.சி. சிதையத் தொடங்கி, மூக்கையும் தொண்டையையும் அரிக்கும் அமில வாயு வெளிவரும். அப்படிக் கருகியதாகத் தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு, சன்னல்களைத் திறந்து, வெளியே வந்துவிட வேண்டும். சாப்பாடு செய்யும் பாத்திரங்களை இந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது.

ஒன்பதாவது, கவ்வுதல். இதுதான் கூட்டின் உயிர். பாலிமர் களிமண் உலோகத்தோடு தானாக ஒட்டாது. ஆறும்போது களிமண் உலோகத்தைவிடக் கூடுதலாகச் சுருங்குவதால் இடையில் இழை போன்ற இடைவெளி விழும். அப்போது ஒட்டியதுபோல் தெரிவது ஒரு மாதத்தில் வாடிக்கையாளர் கையில் கழன்றுவிழும். எனவே ஆறியபின் வில்லையைத் தட்டிப் பார்த்து, கழன்றால் இரு குழாய்ப் பசையான எபாக்சி வைத்துப் பதித்து, நான்கு மூலை விரல்களையும் மரக்குச்சியால் உள்நோக்கி மடக்கி அழுத்த வேண்டும். ஒரே மடக்கில் மடக்க வேண்டும். நிமிர்த்தி நிமிர்த்தி மடக்கினால் விரல் ஒடியும். பசை தவறினாலும் விரல் பிடிக்கும்.

இறுதியாக மேற்பூச்சு. தேன்மெழுகை மெல்லத் தடவித் துணியால் தேய்த்தால் உலோகம் விரைவில் மங்காது. நகப்பூச்சு அடித்து மினுக்க வேண்டாம். அதிலுள்ள கரைப்பான் களிமண்ணை இளக்கி, சில வாரங்களில் பிசுபிசுப்பாக்கிவிடும்.

கணக்கு

இனி நாம் நன்கு அறிந்த பகுதிக்கு வருவோம். கீழே வரும் விலைகள் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொண்டவை. அவரவர் ஊர் விலையைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

செம்புத் தகடு கிலோ 1,200 ரூபாய் என்றால் ஒரு பதக்கத்துக்கு உலோகச் செலவு 6 ரூபாய் 20 காசு. 56 கிராம் களிமண் பொட்டலம் 280 ரூபாய் என்றால், 4 மி.மீ. கனமான வில்லை கழிவு போக 15 வரும். ஒன்றுக்கு 19 ரூபாய். கயிறும் வளையமும் 12 ரூபாய். மின்சாரம், உப்புத்தாள், பசை, மெழுகு 3 ரூபாய். அட்டையும் உறையும் 4 ரூபாய். ஒரு நாளில் 6 மணி நேரத்தில் 20 பதக்கம் செய்கிறவருக்கு ஒன்றுக்கு 18 நிமிடம். மணிக்கு 60 ரூபாய் கூலி என்றால் 18 ரூபாய். கூட்டினால் 62 ரூபாய் 20 காசு. உடைசல், பழுதுக்காக ஏறக்குறைய 5 ரூபாய் சேர்த்தால் அடக்கம் 67 ரூபாய்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விலை கூடிய பொருள் செம்பு என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். ஆனால் களிமண்ணுக்கு ஆகும் செலவு செம்பைப்போல் மூன்று மடங்கு. ஆகவே செம்பை விட்டு அலுமினியத்துக்கு மாறினால் மிச்சமாவது சில ரூபாய்தான். கூடு உறுதியாக இருப்பதால் வில்லையின் கனத்தை 4 மி.மீ.யிலிருந்து 2 மி.மீ.யாகக் குறைக்கலாம், அப்போது மட்டும் 9 ரூபாய் 50 காசு மிச்சம். தட்டிய கூட்டின் மலிவு உண்மையில் இங்கேதான் இருக்கிறது.

செய்பவர் 75 ரூபாய்க்குக் கடைக்குக் கொடுக்கிறார் என்று கொள்வோம். விற்பனை விலையில் 30 விழுக்காடு கடைக்கு வேண்டுமானால் 107 ரூபாய்க்கு விற்க வேண்டும். 75-க்கு மேல் 30 விழுக்காடு போட்டு 97 ரூபாய் 50 காசு என்று விலை வைப்பவருக்கு, விற்பனை விலையில் நிற்பது 23 விழுக்காடுதான். மெல்ல நகரும் சரக்கில் இந்த வேறுபாடு பெரிது.

'75 வேண்டாம், 60-க்குக் கொடு' என்று அடித்துப் பேசினால் என்ன ஆகும்? தகட்டுக் கடைக்காரர் குறைத்துக்கொள்ள மாட்டார். களிமண் பொட்டலத்தின் விலை குறையாது. 67 ரூபாய் அடக்கத்தில் கூலியை எடுத்துவிட்டால் மற்றச் செலவு 49. ஆக 60-க்குக் கொடுப்பவர் கையில் 18 நிமிட உழைப்புக்கு நிற்பது 11 ரூபாய். அவர் ஒன்று, விரல் மடக்காமல் பசையோடு நிறுத்துவார். அல்லது இரண்டு மாதத்தில் தொழிலை விட்டுவிடுவார். முதலாவதில் நம் கடைப் பெயர் கெடும்; இரண்டாவதில் நம் சரக்கு நிற்கும். பேரம் பேசுவது வணிகருக்கு அழகுதான். ஆனால் எந்தச் செலவில் பேரம் பேசுகிறோம் என்று தெரிந்து பேச வேண்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

வில்லையை நகத்தால் ஓரத்தில் நெம்பிப் பாருங்கள், அசையக் கூடாது. பருத்தித் துணியில் தேய்த்துப் பாருங்கள். நூல் மாட்டினால் ஓரம் மழுக்கவில்லை என்று பொருள். மெல்லிய மாதிரி ஒன்றை இலேசாக வளைத்துப் பாருங்கள். சரியாக வெந்த களிமண் சற்று வளைந்து நிமிரும், வேகாதது பிஸ்கட் போல் உடையும்.

தோட்டுக் கொக்கியில் மிகுந்த கவனம் தேவை. மலிவான முலாம் கொக்கிகளில் நிக்கல் இருப்பதால் பலருக்குக் காது புண்ணாகிறது. ஐரோப்பிய நாடுகள் இதற்காகவே 1994-இல் நகைகளிலிருந்து நிக்கல் வெளிப்படும் அளவுக்கு வரம்பு வகுத்தன. மருத்துவத் தர எவர்சில்வர் கொக்கி சில ரூபாய் கூடுதல். ஆனால் புகார் மிகவும் குறைவு. செம்பு வியர்வை பட்டுத் தோலில் பச்சைக் கறை வைக்கும். அது சோப்பில் போய்விடும், தீங்கில்லை. இதை விற்கும்போதே சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் சாக்குப்போக்கு ஆகிவிடும். சிறு குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளும் அளவுள்ள பொருள் என்பதையும் எச்சரிக்க வேண்டும்.

முன்பே உறையிலிட்டு ஒட்டி விற்பதானால், 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரிப்பாளர் பெயர் முகவரி, எண்ணிக்கை, அதிகபட்ச சில்லறை விலை, மாதம் ஆண்டு, புகாருக்கான தொடர்பு விவரம் ஆகியவை உறையில் இருக்க வேண்டும். மசாலாப் பொட்டலத்துக்குக் காட்டும் கவனத்தை இதற்கும் காட்டுவது நல்லது.

பணம் கொடுக்கல் வாங்கல்

வீட்டில் செய்பவர்களிடம் கைமுதல் குறைவு. 'விற்றால் பணம்' என்ற முறையில் சரக்கு வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் எத்தனை உருப்படி, என்ன விலை, எந்தக் கிழமை கணக்கு என்று ஒரு சிறு நோட்டில் இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ள வேண்டும். செய்பவர் உத்யம் பதிவு பெற்ற குறுந்தொழில் என்றால், அவரிடம் விலைக்கு வாங்கிய சரக்குக்கு எழுத்து மூல ஒப்பந்தம் இல்லாவிடில் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் கொடுக்க வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், இந்தக் கெடுவைத் தாண்டிய பாக்கியை, பணம் கொடுக்கும் ஆண்டில்தான் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும். உங்கள் கணக்காளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே தொடங்குவது?

நவராத்திரிக்குத் தாம்பூலப் பையில் வைக்கச் சிறு பொருள் தேடுபவர்கள் வெற்றிலை பாக்குக்கும் மஞ்சள் குங்குமத்துக்கும் நம் கடைக்குத்தான் வருகிறார்கள். அவர்களுக்கு 20, 30 என்று ஒரே மாதிரிச் சிறு பதக்கம் தேவைப்படும். மொத்தமாகச் செய்யும்போது வெட்டுவதை ஒரு நாள், தட்டுவதை ஒரு நாள், சுடுவதை ஒரு நாள் என்று பிரித்துச் செய்யலாம்; கூலிச் செலவு இறங்கும். ஆடி மாதத்திலேயே பேசி வைத்தால்தான் புரட்டாசிக்குச் சரக்கு கைக்கு வரும்.

மற்ற நாட்களுக்கு, ஒரே அட்டையில் 12 உருப்படிகள், அதில் செம்பு நான்கு, பித்தளை நான்கு, அலுமினியம் நான்கு என்று வைத்துத் தொடங்குங்கள். எது எந்த வாரம் போனது என்று குறித்து வாருங்கள். மூன்று மாதத்தில் உங்கள் தெருவுக்கு எந்த உலோகம், எந்த விலை என்று அந்தக் குறிப்பே சொல்லிவிடும். அதன் பிறகு ஒரு கிலோ தகடு வாங்குவதா, பத்துக் கிலோ வாங்குவதா என்று முடிவு செய்யலாம். தகட்டை மொத்தமாக வாங்கி வெட்டித் துண்டாக விற்க விரும்பும் மொத்த வணிகர்கள், 32 மி.மீ. சதுரங்களாக வெட்டி 25 துண்டு கொண்ட பொட்டலமாகப் போட்டால், வீட்டில் கனமான கத்தரி இல்லாதவர்களும் இந்த வேலையில் இறங்குவார்கள்.